கல்லூரிகளில் தலைவர் உற்பத்தி

கோயமுத்தூரிலும், அதைச் சுற்றியுள்ள ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் பக்கங்களிலும் இப்பொழுது ஒரு புதுத் தொழில் பலமாக நடந்து வருகிறது. அதற்குப் பஞ்சு வேண்டியதில்லை, இரும்பு வேண்டியதில்லை, மின்சாரங்கூட ஒரு ஒலிபெருக்கிக்கு வேண்டிய அளவு இருந்தால் போதும். அத்தொழில் எதுவென்றால், கல்லூரி மாணவர்களைத் தலைவர்களாக ஆக்கிக் கொடுக்கும் தொழில்தான். கோட்டும் டையும் அணிந்த ஒருவர் பட்டணத்திலிருந்து வருகிறார். மூன்று நாள் வகுப்பு நடத்துகிறார். எப்படிக் கை குலுக்குவது, எப்படி உட்காருவது, எப்படிச் சிரிப்பது என்று சொல்லிக் கொடுக்கிறார். மூன்றாவது நாள் சாயங்காலம், 300 பேருக்கும் நீங்கள் தலைவர்களாகிவிட்டீர்கள், உத்தியோகத்திற்குத் தயாராகிவிட்டீர்கள் என்று யோக்கியதாபத்திரம் வழங்கிவிட்டு, தமக்கு உரிய தொகையைப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறார். 300 தலைவர்கள் இருந்தால் பின்னால் நடப்பவர் யார் என்று நாம் கேட்டால், இவன் குதர்க்கவாதி என்பார்கள். ஆதலால் அதை நாம் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட ஒரு வகுப்பின் கடைசி நாளுக்கு நாமும் போயிருக்க நேர்ந்தது. கல்லூரியின் பேர் இங்கே அவசியமில்லை. ஒரு கல்லூரிக்கு மட்டும் உரிய சங்கதியாக இருந்தால் நாம் அதைப்பற்றித் தலையங்கம் எழுத வேண்டியதில்லை. பிரசங்கி தமது பேச்சை முடித்து, "தலைவனுக்கு அழகு தைரியமாகக் கேள்வி கேட்பது, கேளுங்கள்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கணக்கை எங்களுக்குக் காட்டவேண்டுமென்று நிர்வாகத்தாரிடம் எப்படிக் கேட்பது?" என்று கேட்டார். மேடைமேல் உட்கார்ந்திருந்த நிர்வாகி, "அது இங்கே பேசுகிற விஷயமில்லை, உட்கார்" என்றார். பிரசங்கியும் சிரித்துக்கொண்டே "அடுத்த கேள்வி" என்றார். அடுத்த கேள்வி வரவில்லை. மூன்று நாளாகக் கட்டிய கட்டடம் மூன்று விநாடியில் இடிந்து விழுந்ததை அந்த மண்டபத்தில் எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது, நாம் கவனித்தோம்.

அன்று திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு குடியானவர் தம் மகனைப்பற்றிச் சொன்னதையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். "பையன் எலக்ட்ரிக்கல் இஞ்சினீயர் படிச்சிருக்கறானுங்க. நாலு வருசம். கெணத்து மோட்டாரு நின்னு போச்சு, என்னன்னு பாருடான்னா, 'அதுக்கு ஆளைக் கூப்புடுங்கப்பா'ங்கறானுங்க. வந்த ஆளு எட்டாவதுங்க. அரை நாள்ல காயில் கட்டிக் குடுத்துப்போட்டுப் போயிட்டானுங்க" என்றார். அவர் மகனைத் திட்டவில்லை. "அவனைக் குத்தஞ் சொல்லி என்னுங்க பண்றது, காலேஜுல மோட்டாரைத் தொடவே விடலீங்களாமா" என்றும் அவரே சொல்லிவிட்டார்.

ஆக, ஒருவனை வாயைத் திறக்க விடவில்லை. இன்னொருவனைக் கையால் தொட விடவில்லை. நமது கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தலைமைக் குணமும் தொழில் தகுதியும் போதவில்லையென்று சொல்லப்படுவதன் அடிப்படை இவ்வளவுதான் என்பது நமது அபிப்பிராயம். மற்றதெல்லாம் இதிலிருந்து முளைத்த கிளைகள்.

இது எங்கிருந்து வந்தது? கையால் வேலை செய்பவன் கீழ்மகன், செய்யாமல் உட்கார்ந்திருப்பவன் மேல்மகன் என்பதுதானே வருணாசிரமத்தின் சாரம்? கேள்வி கேட்பவன் அதிகப்பிரசங்கி, கேளாமல் தலையாட்டுபவன் நல்ல பிள்ளை என்பதுதானே குருகுலத்தின் சாரம்? அந்த இரண்டையும் அப்படியே தூக்கிக் கொண்டுவந்து, மேலே சிமெண்டுக் கட்டடம் எழுப்பி, அதற்குள் கம்ப்யூட்டரையும் வைத்துவிட்டால் அது விஞ்ஞானக் கல்லூரியாகிவிடுமா? வருஷத்திற்கு ஒருநாள் பட்டறைக் கதவைத் திறந்து, இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் பூசி, பூசணிக்காய் உடைப்பதை நாம் பல இடங்களில் பார்த்திருக்கிறோம். மற்ற நாட்களில் அந்த இயந்திரத்தை மாணவன் தொட்டால் பழுதாகிவிடுமாம்!

இவ்வளவும் எந்த ஊரில் நடக்கிறது என்று யோசித்தால்தான் வெட்கம் அதிகமாகிறது. இந்தியாவில் மின்சார மோட்டாரை முதன்முதல் செய்து காட்டிய ஊர் கோயமுத்தூர். 1937 ஆம் வருஷம் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து அதைச் செய்தார்கள். ஜி.டி.நாயுடு 1893 இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வகுப்பைத் தாண்டாதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அதன்மேல் ஆசைகொண்டு, கோயமுத்தூருக்கு வந்து ஓட்டலில் பரிமாறுகிற வேலை செய்து, பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, வீட்டிற்குக் கொண்டுபோய் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடியும் மாட்டிப் பார்த்தார். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொடங்கியவர், பிறகு பெரிய மோட்டார் கம்பெனிக்கு அதிபதியானார்.

அவர் கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் ஏற்படக் காரணமாயிருந்தார். அக்காலத்துச் சென்னைக் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பேர் அவற்றிற்கு இடப்பட்டது. 1945 இல் மூன்றாவது வகுப்புப் படித்த இந்த மனிதரே அக்கல்லூரியின் பிரின்சிபாலாக இருந்தார் என்றால் இன்றைய பட்டதாரிகள் நம்பமாட்டார்கள். நான்கு வருஷப் படிப்பு காலத்தை வீணாக்குவது, இரண்டு வருஷத்தில் இதையெல்லாம் கற்பித்துவிடலாம் என்று அவர் சொன்னார். சர்க்கார் ஒப்பவில்லை. அவர் விலகிவிட்டார். அதுதான் இன்று தடாகம் ரோட்டில் இருக்கும் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. (அவர் பேரால் 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் சுமார் 10 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு மேம்பாலம் திறக்கப்பட்டது. பேருக்குப் பின்னால் இருக்கும் ஜாதிப் பட்டத்தைப்பற்றி அப்பொழுது பலமான விவாதம் நடந்தது. பாலத்தைவிட அந்த விவாதமே நமக்குச் சந்தோஷம் தந்தது. ஜாதிப் பட்டம் உறுத்துகிற அளவுக்காவது இந்நாடு வந்திருக்கிறதல்லவா?)

நாயுடு சொன்னதெல்லாம் சரி என்பது நமது கட்சியல்ல. இரண்டு வருஷம் போதுமா, நான்கு வருஷம் வேண்டுமா என்பதைக் கற்றறிந்தவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். ஆனால் அவர் கேட்ட கேள்வி, மாணவன் எத்தனை நாள் பெஞ்சில் உட்கார்ந்தான் என்பதல்ல, அவன் என்ன செய்யத் தெரிந்துகொண்டான் என்பதே. அந்தக் கேள்விக்கு இன்றும் பதில் வரவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. நாம் கைவேலையைப் பற்றிப் பேசியவுடனே சில பெரிய மனிதர்கள், "பார்த்தீர்களா, படிப்பு எதற்கு? ஜி.டி.நாயுடு படித்தாரா? ஏழைப் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொண்டால் போதாதா?" என்று கிளம்பிவிடுவார்கள். இவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு மாத்திரம் இந்த உபதேசத்தைச் செய்வதில்லை. 1953 இல் ஆச்சாரியார் கொண்டுவந்த அரைநேரப் படிப்பும் இதே நியாயத்தைச் சொல்லிக்கொண்டுதான் வந்தது: காலையில் பள்ளிக்கூடம், மற்ற நேரம் அப்பன் தொழில். சிரைப்பவன் மகன் சிரைக்க, வெளுப்பவன் மகன் வெளுக்க! நாடு கொதித்தது, 1954 இல் காமராசர் ஆட்சிக்கு வந்து அதைக் குழிதோண்டிப் புதைத்தார். நாம் கேட்பது அதுவல்ல. குடியானவன் மகனும், தோட்டி மகனும், அய்யர் மகனும் ஒரே பட்டறையில் ஒரே லேத்தில் நின்று கையில் எண்ணெய் படியக் கற்றுக்கொள்ள வேண்டும், எல்லோரும் சேர்ந்து கணக்கும் விஞ்ஞானமும் படிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். ஜாதிப்படி கையைப் பிரித்துக் கொடுப்பது குலக்கல்வி. எல்லாக் கைக்கும் எல்லாத் தொழிலையும் திறந்துவிடுவதுதான் தொழிற்கல்வி. இரண்டும் ஒன்றென்று சொல்லுகிறவன் மடையனாக இருக்கவேண்டும். அல்லது அயோக்கியனாக இருக்கவேண்டும்.

இது நடவாத காரியமும் அல்ல. அமெரிக்காவில் சின்சினாட்டி சர்வகலாசாலையில் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர் 1906 ஆம் வருஷத்திலேயே, மாணவர்கள் சில காலம் வகுப்பிலும் சில காலம் தொழிற்சாலையிலுமாக மாறி மாறிக் கற்கும் முறையை ஏற்படுத்தினார். நமது பீளமேட்டிலேயே இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு குமாரர்களும் 1926 இல் சொத்தைப் பிரிக்கும்போது நான்காகப் பிரிக்காமல் அய்ந்தாகப் பிரித்து, அய்ந்தாவது பாகத்தைத் தருமத்திற்கு ஒதுக்கினார்கள். நமது நாட்டில் தருமம் என்றால் கோபுரமும், தேரும், சமாராதனையுமாகப் போவதுதான் வழக்கம். அந்த அய்ந்தாவது பங்கு ஒரு தொழிற்கூடமாயிற்று; 1939 இல் பாலிடெக்னிக்காயிற்று; 1951 இல் பொறியியல் கல்லூரியாயிற்று. ஒரே வளாகத்தில் பட்டறையும் கல்லூரியும் அடுத்தடுத்து இருந்ததால், மாணவர்கள் படிப்புக்கு நடுவே தொழிற்சாலையில் வேலை செய்யும் "சாண்ட்விச்" படிப்பை அங்கே நடத்த முடிந்தது. அதிலிருந்து வெளியே வந்தவனுக்கு மோட்டார் என்றால் என்ன என்பதைக் கோட்டுப் போட்டவர் வந்து சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பிறகு கிளம்பிய எத்தனையோ கல்லூரிகள் கட்டடத்தையும் பீஸையும் பார்த்துக் கொண்டனவேயொழியப் பட்டறையைப் பார்க்கவில்லை. கணபதியிலும், பீளமேட்டிலும், குறிச்சி தொழிற்பேட்டையிலும் பம்பும், கிரைண்டரும், வார்ப்படமும் செய்யும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பக்கத்துத் தெருவில் இருக்கும் பட்டறைக்குள் காலெடுத்து வைக்காமலேயே இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கி விடலாம் என்றால் அந்தப் பட்டம் எதற்குப் பத்திரம்?

நிற்க, வாய் திறப்பதைப்பற்றிப் பேசுவோம்.

கைக்குக் கொங்கு நாட்டில் உதாரணம் கிடைத்தது. வாய்க்குக் கும்பகோணத்திற்குப் போகவேண்டும். அங்கே அரசினர் கல்லூரி விடுதியில் பார்ப்பன மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப்பானை, மற்றவர்களுக்கு வேறு பானை என்று இருந்தது. படிப்பது ஒரே பௌதிகம், ஒரே ரசாயனம். தாகம் மாத்திரம் இரண்டு ஜாதி! அந்தப் பானைத் தகராறிலிருந்துதான் 1943 இல் திராவிட மாணவர் கழகம் பிறந்தது. 1944 பிப்ரவரியில் அம்மாணவர்களே மகாநாடு கூட்டினார்கள். மகாநாடு என்றால் என்ன? பணம் வசூலிக்கவேண்டும், ரசீது கொடுக்கவேண்டும், இடம் பிடிக்கவேண்டும், வருகிறவர்களுக்குச் சோறு போடவேண்டும், எதிர்ப்புக்கு நின்று பதில் சொல்லவேண்டும், தீர்மானத்தை நாலு பேருக்குப் புரியும்படி எழுதவேண்டும். கோடை விடுமுறையில் அந்தப் பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். கல் விழுந்த இடத்திலும் பேசினார்கள். இன்றைக்குக் கம்பெனிக்காரன் "கூட்டாக வேலை செய்யத் தெரியுமா, நெருக்கடியைச் சமாளிக்கத் தெரியுமா, நாலு பேர்முன் பேசத் தெரியுமா" என்று கேட்கிறானே, அவ்வளவும் அவர்களுக்கு ஒரு தண்ணீர்ப்பானையிலிருந்து வந்தது. யாரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை.

இன்றைய கல்லூரிகளில் நிலைமை எப்படி? வகுப்புத் தலைவனை ஆசிரியர் நியமிக்கிறார். மாணவர் பேரவை என்று ஒன்று இருந்தால் அதற்கும் பேர்களை நிர்வாகமே எழுதிவிடுகிறது. மாணவர் தேர்தல்களை ஒழுங்குபடுத்த லிங்டோ கமிட்டி சிபாரிசு செய்து, 2006 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை நடைமுறைப்படுத்தவேண்டுமென்று உத்தரவிட்டது. வேட்பாளன் 5,000 ரூபாய்க்குமேல் செலவழிக்கக் கூடாது, பட்டப்படிப்பு மாணவனுக்கு வயது 17 முதல் 22 வரை இருக்கவேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது. விதி இருக்கிறதேயொழிய, நமது பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் எத்தனையில் அப்படித் தேர்தல் நடக்கிறது என்று வாசகர்கள் தங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பார்க்கட்டும். 18 வயதில் நாட்டை ஆள யார் என்று ஓட்டுப் போடலாம். விடுதிச் சாம்பாருக்கு யார் பொறுப்பு என்று ஓட்டுப் போடக்கூடாது! தேர்தல் வைத்தால் சண்டை வரும் என்கிறார்கள். வரலாம். கல்லூரியில் வந்தால் சமாளிக்கக் கற்றுக்கொள்வான். கற்றுக்கொள்ளாமல் வெளியே போனால் பிறகு ஊரில் வரும்.

கல்லூரி வாயை மூடி வைத்திருக்கும் பிள்ளைக்குத் தலைமைப் பட்டம் கொடுக்க வெளியே ஒருவன் காத்திருக்கிறான் என்பதுதான் இதில் மிகுந்த ஆபத்தான சங்கதி. அவன் ஜாதிச் சங்கக்காரன். "தம்பி, நீதான் நம் இனத்து இளைஞர் தலைவன்" என்று கழுத்தில் ஒரு துண்டைப் போடுகிறான். படித்த பையனுக்கு முதன்முதல் ஒரு மேடையும், ஒரு பதவியும், நாலு பேர் கைதட்டலும் அங்கேதான் கிடைக்கிறது. அந்தத் தலைமைப் பயிற்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாம் தூரம் போகவேண்டியதில்லை. 2016 மார்ச் 13 ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில், பொறியியல் மாணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த அவர் மனைவியும் வெட்டுப்பட்டார். கல்லூரியில் பழகி, ஜாதி பாராமல் மணந்துகொண்டதைத் தவிர அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஜனக்கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. இந்தக் கொலையை எந்தத் தலைமை வகுப்பிலாவது, எந்தக் கல்லூரியிலாவது மாணவர்களை உட்கார வைத்துப் பேசினார்களா? ஆணும் பெண்ணும் பேசினால் அபராதம் போடும் கல்லூரிகள் அதைப்பற்றி எப்படிப் பேசும்?

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். ஆண்கள் விடுதிக்கு இரவு ஒரு நேரம், பெண்கள் விடுதிக்கு விளக்கு வைக்கு முன்பே பூட்டு. நூலகமும் பட்டறையும் அவளுக்கு அந்த நேரத்தோடு மூடிப்போகின்றன. அதே ஊர் மில்லில் அதே வயதுப் பெண் இராத்திரி ஷிப்டில் நூல் நூற்கலாம். அதில் மானம் போவதில்லை. படிக்கிற பெண் எட்டு மணிக்கு நூலகத்தில் இருந்தால்தான் போய்விடுமாம்.

இனி, பயிற்சிகளே வேண்டாமென்று நாம் சொல்லுவதாக யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். 2021-22 ஆம் ஆண்டுக் கணக்குப்படி கல்லூரி வயதுள்ளவர்களில் உயர்கல்வியில் சேர்ந்தவர்களின் விகிதம் இந்தியா முழுவதற்கும் 28.4, தமிழ்நாட்டில் 47. இது சாதாரணக் காரியமல்ல. இதில் பெரும்பாலோர் தகப்பனும் பாட்டனும் கல்லூரி வாசலை மிதியாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம். இண்டர்வியூ என்றால் பயம். அந்தக் கூச்சத்தைப் போக்குவது நல்ல காரியமே. 2022 இல் தமிழ்நாடு சர்க்கார் "நான் முதல்வன்" என்று ஒரு திட்டம் ஏற்படுத்தி, வருஷத்திற்கு 10 லட்சம் வாலிபர்களுக்குத் தொழில் திறமை கற்பிப்பதாகப் புறப்பட்டதை நாம் வரவேற்றோம். அக்கிரகாரத்துப் பிள்ளைக்கு வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவந்த சங்கதி, குடிசைப் பிள்ளைக்குச் சர்க்கார் செலவிலாவது கிடைக்கட்டும். ஆனால் கூச்சம் ஆங்கிலத்தால் மட்டும் வந்ததல்ல. பல தலைமுறையாக "உட்கார்" என்றும் "நில்" என்றும் கேட்டுக் கேட்டு வந்தது. அதை இன்னொரு "உட்கார்" போக்காது.

உத்தியோகத்திற்குத் தயார் செய்வதென்றால், உத்தியோகம் கொடுப்பவனிடம் என்ன கேட்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கவேண்டாமா? வேலை உத்தரவு வந்தால் அதில் எதைப் படிக்கவேண்டும் என்பது நமது பட்டதாரிகளில் பலருக்குத் தெரியாது. அசல் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் ஓடக்கூடாது என்று எழுதி வாங்கும் கம்பெனிகள் இருக்கின்றன. சம்பளம் இவ்வளவு என்று பெரிய தொகையாகச் சொல்லிப் பிடித்தமெல்லாம் போகக் கையில் பாதி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்பரண்டிஸ் என்று பேர் வைத்தால் 1961 ஆம் வருஷச் சட்டப்படி அவன் பயிற்சியாளன், தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்களில் பெரும்பாலானவை அவனைத் தொடமாட்டா. பேருக்கு அப்பரண்டிஸ், வேலைக்கு முழு ஆள் என்று நடத்துகிறவர்களுக்கு இது எவ்வளவு சௌகரியம்! ஈ.எஸ்.ஐ. வைத்தியத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதல் 1955 இல் கோயமுத்தூரில்தான் தொடங்கிற்று. மில் தொழிலாளி எழுத்தறியாதவனாக இருந்தாலும் அதைப்பற்றி அறிந்திருந்தான். சங்கம் சொல்லிக் கொடுத்தது. அவன் பேரன் பி.இ. படித்துவிட்டு, சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்று இருப்பது என்ன என்று கேட்கிறான். கோட்டுப் போட்டவர் மூன்று நாளில் ஒரு மணி நேரம் இதைச் சொன்னால் நாமே அவருக்குக் கைதட்டுவோம். சொல்லமாட்டார், அவரை அழைத்து வருபவர்களுக்கு அது பிடிக்காது.

ஆகவே கல்லூரி நிர்வாகிகளுக்கு நாம் சொல்லுவது செலவில்லாத யோசனை. விடுதிச் சாப்பாட்டுக் கணக்கை மாணவர்கள் கையில் கொடுங்கள். ஆண்பிள்ளை பாதி, பெண்பிள்ளை பாதியாக ஒரு கமிட்டியை அவர்களே ஓட்டுப் போட்டு எடுக்கட்டும். உழவர் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கட்டும், அரிசி மண்டியில் விலை பேசட்டும், மாதக் கடைசியில் கணக்கை எழுதி விடுதிச் சுவரில் ஒட்டட்டும். ஒரு மாதம் துண்டு விழுந்தால் 300 பேருக்குமுன் நின்று ஏன் விழுந்தது என்று பதில் சொல்லட்டும். சனிக்கிழமைகளில் பக்கத்துப் பட்டறைகளுக்கு அனுப்புங்கள். பட்டறைக்காரரும் மறுக்கமாட்டார், அவருக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. கணக்கைக் காட்ட நிர்வாகத்திற்கு ஏதாவது சங்கடம் இருந்தால் அது வேறு விஷயம். அதை மாணவரின் ஒழுக்கக் குறைவு என்று பேர் மாற்றிச் சொல்லவேண்டாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று ஜோசியனிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் பணத்திற்கு ஒரு மல்டிமீட்டரும் நாலு ஸ்பேனரும் வாங்கிவிடலாம். கிணற்று மோட்டாரை அவனே கழற்றட்டும். முதல் தடவை கெடுத்துத்தான் விடுவான்.

கேள்வி கேட்ட அந்த மாணவரை அன்று சாயங்காலமே அழைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அவர் எழுதிக் கொடுத்தாராம். கடிதத்தின் அடியில், கணக்கை எப்பொழுது காட்டுவீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தாராம்.